தள்ளுபடி செய்த மூன்று நாட்கள்

19-8-1985 — 120
20-8-1985 — 125
22-8-1985 — 120
24-8-1985 — 95 (தள்ளுபடி)
28-8-1985 — 120
29-8-1985 — 125
3-9-1985 — 120
7-9-1985 — 100 (தள்ளுபடி)
8-9-1985 — 95 (தள்ளுபடி)
12-9-1985 — 120
17-9-1985 — 120
தள்ளுபடி போக எட்டு நாள். ஆக 970. எட்டால் வகுக்க 121¼.

மேலே இருப்பவை ஆம்பியர் கணக்கு. பாப்பிரெட்டிப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த தஸ்தகீர், அந்தந்த நாளில் ஒரு தகட்டை நிமிர்த்தி நிறுத்தி, கீழிருந்து மேலாகப் பற்றவைத்தபோது மிஷினில் வைத்திருந்த கரண்ட் அளவு. அவர் கைப்பிடியைச் சுழற்றி நிறுத்தியதும் அளவுகோலில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து நான் குறித்துக்கொண்டேன். அரூர் தாலுகா அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பட்டறைக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தேன்.

தஸ்தகீர் பிறந்தது மொரப்பூரில், 1952-ல். தகப்பனார் அப்துல் சுபான் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். பதினெட்டாவது வயதில் தஸ்தகீர் ஒரு காண்டிராக்டரின் ஆட்களோடு ஒயர் சுமக்கும் வேலைக்குப் போனார். மூன்றாவது வருடம் பற்றவைக்கும் ஹோல்டர் கைக்கு வந்தது. 1981 வரை பதினொரு வருடத்தில் ஒன்பது சைட்டுகள். அணை, சர்க்கரை ஆலை, பாலம் என்று எல்லா இடத்திலும் தகரக் கொட்டகையில் படுக்கை. 1977-ல் வஹிதாவைக் கட்டினார். மறு வருடம் மூத்த பெண் ரஹமத் பீவி பிறந்தபோது கர்நாடகத்தில் ஏதோ ஓர் அணையில் இருந்தார். மகளை முதலில் பார்த்தது அதற்குப் பதினான்கு மாதம் கழித்து. குழந்தை அவரைக் கண்டதும் வீரிட்டு அழுது தாய்மாமன் சலாவுதீனின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தது. "அது பழகறதுக்கு ஒம்போது நாளாச்சிங்க. பத்தாம் நாளு நான் கெளம்பிட்டேன்" என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகுதான் ஊரிலேயே பட்டறை. ஏர்க்கலப்பை, கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் டிரெய்லர். இடம் சலாவுதீனுடையது. பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் இருட்டறையும் சமையல் கட்டும், அதுதான் வீடு. 1985 ஜூலையில் சலாவுதீன் வந்து, டிசம்பர் முடிவதற்குள் இடம் வேண்டும், அரிசி மண்டி வைக்கப்போகிறேன் என்றார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கும் வளர்ந்த மகன்கள் இருந்தார்கள்.

செய்தி தெரிந்த மறுவாரமே சைட் ஏஜண்டு அர்ச்சுனன் வந்து நின்றார். குடகுப் பக்கம் இரண்டு வருட வேலை, வெல்டர் தேவை. வஹிதா கதவுக்குப் பின்னாலிருந்து, "சைட்டுன்னா நானும் புள்ளைங்களும் வர்றோம், கொட்டாயில எடம் இருக்குதான்னு கேளுங்க" என்றாள். அர்ச்சுனன் டீயைக் குடித்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார்.

அந்தச் சமயத்தில் ஓசூரில் டேங்க் செய்யும் ஒரு கம்பெனி வெல்டர் எடுப்பதாகப் பேப்பரில் வந்தது. நிரந்தர வேலை, குடும்பத்தோடு தங்க வீடு. ஒரு பரீட்சை உண்டு. ஒருவருக்கு இரண்டு முறைதான் வாய்ப்பு. தஸ்தகீர் விண்ணப்பம் போட்டார். செப்டம்பர் 23 அன்று வரச்சொல்லி ஆகஸ்ட் 16-ந் தேதி கடிதம் வந்தது. கூடவே பூர்த்தி செய்ய ஒரு பாரம். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார்.

படித்துச் சொன்னேன். பத்து மில்லி கனத் தகடு, உருக்கிப் பற்றவைக்கப் பத்தாம் நம்பர் ராடு, தகடு செங்குத்தாக நிற்கும். கடைசியில் ஒரு கட்டம்: எத்தனை ஆம்பியர் வைக்கப் போகிறீர்கள் என்று எழுத வேண்டும்.

"நம்பரா?" என்றார் தஸ்தகீர். "நான் நம்பரே பாக்கறதில்லீங்க கிளார்க்கய்யா. கைப்பிடியைச் சுத்துவேன், சத்தத்தைக் கேப்பேன். கடுகு வெடிக்கறாப்ல விட்டு விட்டு வந்தா கம்மி. வடை வேகறாப்ல ஒரே சீரா வந்தா சரி."

"வடைன்னு எழுதிக் குடுத்துடுங்க. கேண்டீன் வேலையாச்சும் கெடைக்கும்" என்று உள்ளேயிருந்து வஹிதா சொன்னாள்.

நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். ஒரு மாதம் அவர் தகட்டை நிறுத்தி வைத்துப் பழகட்டும். நான் தினமும் வந்து முள்ளைப் பார்த்து எழுதுகிறேன். சராசரி எடுத்தால் ஒரு எண் கிடைக்கும். அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும்தான்.

நிற்கும் தகட்டில் என்ன சிரமம் என்பதை நான் அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். தகடு படுத்திருந்தால் உருகிய இரும்பு வைத்த இடத்தில் இருக்கும். கரண்ட் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பெரிய தவறு நேராது. நின்றுவிட்டால் உருகியது கீழே வழியப் பார்க்கும். அதனால் அடியிலிருந்து தொடங்கி, ஒரு சிறு படி கட்டி, அது இறுகத் தொடங்கியதும் அதன்மேல் அடுத்த படி என்று ஏற வேண்டும். கரண்ட் அதிகமானால் படி நிற்காமல் தொங்கும். இரண்டு ஓரத்திலும் தகடு அரித்துப் பள்ளமாகும். குறைந்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும், கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும். சரியான அளவுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆம்பியர்தான் இடம்.

தஸ்தகீர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "படுத்திருந்தா சோறு. நின்னுட்டா கஞ்சி."

பட்டறை வேலைக்கு நடுவே அவருக்கு ஒழிந்தது பதினொரு நாள்தான், அத்தனையும் எழுதினேன். எட்டு நாள் 120-ம் 125-மாக வந்தது. மூன்று நாள் மட்டும் 95, 100, 95. அந்த நாட்களில் தஸ்தகீர் மிஷினை வைதபடி இருந்தார். "என்னாமோ இன்னைக்கு இதுக்குப் பேய் புடிச்சாப்ல இருக்குது. கொஞ்சம் வெச்சாலே வழியுது." கை சரியில்லாத நாள் என்று நான் முடிவு செய்தேன். சராசரியைக் கெடுக்கும் எண்களைத் தள்ளிவிடுவது என் வழக்கம். மூன்றையும் சிவப்புக் கோடு போட்டுத் தள்ளினேன். 121¼ வந்தது. பாரத்தில் 120 என்று எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 23 திங்கட்கிழமை மாலை ஆறே காலுக்கு அவர் பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பட்டறையில் சலாவுதீன் உட்கார்ந்திருந்தார்.

"என்னா மச்சான், ஓசூர் பேடாவா?"

தஸ்தகீர் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அவர் பற்றவைத்த தகட்டிலிருந்து அறுத்தெடுத்த துண்டு. வளைத்துப் பார்த்திருக்கிறார்கள். பற்றவைத்த கோடு நடுவில் வாய் பிளந்திருந்தது. உருகி வழிந்த இரும்பு மெழுகுவத்தியில் வழிந்ததைப் போல மூன்று இடத்தில் தொங்கி நின்றது. சலாவுதீன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், மெதுவாக வைத்தார்.

நான் கேட்டேன், "எப்பத் தெரிஞ்சது?"

"ராடு வெச்ச உடனே தெரிஞ்சிடுச்சிங்க. பாகு மாதிரி ஓடுது. கரண்ட் அதிகம்னு கைக்கே தெரியுது."

"குறைக்கச் சொல்லக் கூடாதா?"

"எப்படிங்க? பேப்பர்ல 120-ன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க ஒரு மாசம் வந்து வந்து பாத்து எழுதுன கணக்கு. எங் கை ஒரு பக்கம் சொல்லுது, உங்க நோட்டு ஒரு பக்கம் சொல்லுது. எங் கைதான் தப்புன்னு நெனச்சிட்டேன்."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பரீட்சை நடத்தியவர் மாதேஸ்வரன் என்ற மேற்பார்வையாளர், நல்ல மனிதர், அடுத்த வாய்ப்புக்குக் கடிதம் வரும் என்று சொன்னாராம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன். 970 சரி. எட்டால் வகுத்ததும் சரி.

மூன்று நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். வஹிதா டீ கொண்டுவந்தாள். பிறருக்கு ரவிக்கை, பாவாடை தைத்துக் கொடுப்பவள் அவள். எண்களும் தேதிகளும் நன்றாகப் படிப்பாள். மேஜையில் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"இந்த மூணுக்கு மட்டும் ஏங்கய்யா செவப்புக் கோடு?"

"அன்னிக்கு மிஷின் சரியில்லைம்மா. கணக்குல சேக்கல."

அவள் விரலை வைத்துப் பார்த்தாள். "இருவத்து நாலு. சனிக்கெழமை. ரஹமத்துக்கு யூனிபாரம் முடிச்ச நாளு. அன்னைக்கு ஊசியில ஒரே தடவையில நூல் கோத்தேன். பல்பு அப்படி வெள்ளையா எரிஞ்சுது. மத்த நாள்ல கரண்ட் இருந்தும் மஞ்சக் கெழங்காட்டம் எரியும், வாசலுக்கு வந்துதான் நூல் கோப்பேன்."

"ஒரு நாள் நல்லா எரியும்தான்."

"ஒரு நாள் இல்லீங்கய்யா. மழை பெஞ்ச மறு நாளெல்லாம் அப்படித்தான். வயல்ல ஈரம் இருந்தா எவனும் மோட்டார் போடமாட்டான். மோட்டார் ஓடலன்னா பல்பு வெள்ளையா எரியும். ஏழு, எட்டும் அப்படித்தான் இருக்கும், பாருங்க."

தஸ்தகீர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

நான் வீட்டுக்கு நடந்தேன். என்னிடம் மழைமானி ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலை எட்டரை மணிக்கு அளந்து தனி நோட்டில் எழுதி வந்தேன். அதைத் திறந்தேன். 24-8: 41.2 மில்லிமீட்டர். 7-9: 28.6. 8-9: 33.0. மற்ற எட்டு நாட்களுக்கும் சுழி. இரண்டு நோட்டும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. நான் கோடு போட்டுத் தள்ளிய மூன்று எண்களும்தான் மின்சாரம் முழு அளவில் வந்த நாட்களின் எண்கள்.

மோட்டார்களுக்குக் காயில் கட்டும் முனிராஜைக் கூட்டிவந்தோம். அவர் வோல்ட் மீட்டரை மிஷினில் மாட்டிவிட்டுச் சிரித்தார். "பாய், நானூத்துப் பதினஞ்சு வரணும். இங்க முன்னூத்து முப்பதுதான் வருது. ஊர்ல இருக்கற கெணத்து மோட்டாரெல்லாம் குடிச்சது போக மிச்சம்தான் உங்களுக்கு. முள்ளு 120-ன்னு காட்டும். உள்ள 95 கூட ஓடாது. ஓசூர்ல முழுசா வரும். அங்க 120-ன்னா நெசமாவே 120."

தஸ்தகீரின் காதும் கையும் ஒரு நாளும் தவறவில்லை. அளவுகோலில் இருந்த எண்தான் எங்கள் ஊரில் பொய் சொன்னது. அதை நான் நேர்த்தியாகப் படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது கடிதம் அக்டோபர் 9-ல் வந்தது. பரீட்சை நவம்பர் 4. முழு வோல்டேஜில் பழக வேண்டும் என்றால் மழை வேண்டும். அந்த அக்டோபரில் முதல் இரண்டு வாரம் ஒரு பொட்டு விழவில்லை. வழியைச் சொன்னதும் முனிராஜ்தான். காலையில் வெட்டிய மின்சாரம் மோட்டார்களுக்கும் மிஷினுக்கும் சேர்த்துப் பத்து மணிக்குத்தான் திரும்ப வரும். ஆட்கள் கிணற்றுக்குப் போய் ஸ்டார்ட்டரை அழுத்தப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடம் முழு வோல்டேஜ் நிற்கும்.

அக்டோபர் 11-லிருந்து அந்தப் பத்து நிமிடம்தான் தஸ்தகீரின் பள்ளிக்கூடம். ஒன்பதே முக்காலுக்கே தகட்டை நிறுத்தி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி, ராடை மாட்டிக்கொண்டு காத்திருப்பார். பல்பு வெள்ளையாக எரிந்ததும் வஹிதா உள்ளேயிருந்து, "வந்துடுச்சி!" என்று கத்துவாள். அவர் அடியிலிருந்து ஏறத் தொடங்குவார். நான் வோல்ட் மீட்டரைப் பார்த்து நேரம் எழுதுவேன். 410. 410. 405. தொலைவில் ஒரு மோட்டார் கிளம்பும் சத்தம். 390. இன்னொன்று. 370. அந்த இடத்தில் தஸ்தகீரின் ராடு பொரிவது மாறும். அவருக்கு மீட்டர் வேண்டியிருக்கவில்லை. "போச்சி" என்று சொல்லிக் கையை எடுத்துவிடுவார்.

மிக அருகில் இருந்த கிணறு மாரியப்பனுடையது. முதலில் கிளம்புவதும் அவர் மோட்டார்தான். தஸ்தகீர் அவரிடம் போய்ப் பத்தேகாலுக்குப் போட முடியுமா என்று கேட்டார்.

"உன் ராடு எரியறதுக்கு எங் கரும்பு காயணுமா பாய்?" என்றார் மாரியப்பன்.

"கால் மணி நேரத்துல கரும்பு காஞ்சிடுமாங்க?"

"காயாது. ஆனா பொண்டாட்டி கேப்பாளே, மோட்டாரைப் போடாம அங்க என்னாத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்னு." சற்று யோசித்தார். "செரி, போ. வேலை கெடைச்சா எங் கலப்பைக்கு எவன் பத்தவெப்பான்?"

"ஓசூரு எவ்ளோ தூரங்க. எடுத்துக்கிட்டு வாங்க, நான் பத்தவெச்சித் தரேன்."

அதற்குப் பிறகு பல நாள் பத்து இருபது வரைக்கும் கிடைத்தது. இருபது நாள் எழுதினேன். இந்தமுறை மூன்று பத்தி: தேதி, வோல்ட், முள். எதையும் தள்ளவில்லை. 405-க்கு மேல் இருந்தபோதெல்லாம் முள் 95-ல் நின்றது.

நவம்பர் 4 விடியற்காலை ஐந்து பத்து பஸ்ஸில் நானும் கூடப் போனேன். தருமபுரியில் மாறி, ஒன்பது நாற்பதுக்கு ஓசூர். வழியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க இருக்கற மிஷின் வேறயா இருந்தா?"

தெரியாது என்றே சொன்னேன். பிறகு யோசித்து, "நோட்டுல இருக்கறது ஆரம்பிக்கறதுக்குத்தான் பாய். மிச்சத்துக்கு உங்க காதுதான்" என்றேன்.

போன தடவை இருந்த மிஷின் இல்லை, வேறு ஒன்று. தஸ்தகீர் பாரத்தில் 95 என்று எழுதினார். தகட்டை நிறுத்திப் பிடிக்குள் இறுக்கினார்கள். அவர் குந்தி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். ஒளி எழுந்தது. அரை அங்குலம் ஏறியிருப்பார். நிறுத்தினார். கண்ணாடியைத் தூக்கினார்.

"சார். கொஞ்சம் அதிகமா ஓடுது."

மாதேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு கொறைக்கணும்?"

"ஒரு அஞ்சு. பேப்பர்லயும் மாத்திக்கறேனுங்க."

"மாத்திக்கோங்க. போன தடவையே கேட்டிருக்கலாமே பாய், யாரு வேணாம்னாங்க?"

தஸ்தகீர் கையுறையைக் கழற்றினார். பாரத்தை வாங்கி 95-ஐ அடித்து, மேலே 90 என்று எழுதினார். பிறகு அந்த அரை அங்குலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடியிலிருந்து தொடங்கினார். சத்தம் ஒரே சீராக வந்தது. மூன்று அடுக்கு போட இருபத்திரண்டு நிமிடம். கசடைத் தட்டியபோது உள்ளே கோடு அடுக்கி வைத்த காசுகளைப் போல ஒரே அளவில் இருந்தது. மாதேஸ்வரன் விரலால் தடவிப் பார்த்தார். வளைத்துப் பார்த்த பிறகுதான் முடிவு, கடிதம் வரும் என்றார்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். நவம்பர் 20-ல் அர்ச்சுனன் மறுபடி வந்தார். டிசம்பர் 2 அன்று லாரி கிளம்புகிறது, நவம்பர் 30-க்குள் வருகிறாரா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்றார். சலாவுதீன் மண்டிக்குத் தராசு வாங்கிக் கொண்டுவந்து பட்டறையின் ஒரு மூலையில், சாக்குப் போட்டு மூடி வைத்தார். தஸ்தகீர் பழைய இரும்புப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். வஹிதா அதை மறுபடி பரண்மேல் ஏற்றினாள். மறுநாள் அவர் இறக்கினார். அவள் ஏற்றினாள்.

தபால்காரர் ஆண்டி பதிவுத் தபாலோடு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு ஐம்பதுக்கு. தஸ்தகீர் தொழுகைக்குப் போயிருந்தார். நான் பட்டறையில் இருந்ததால் ஆண்டி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வஹிதா வந்து நின்றாள்.

"பிரிங்கய்யா."

"அவர் பேருக்கு வந்தது. அவர் வரட்டும்மா."

"நீங்க எல்லாத்துலயும் இப்படித்தான்" என்றாள். ஆனாலும் எதிரில் கிடந்த பலகையில் உட்கார்ந்துகொண்டாள். கடிதம் எங்கள் நடுவில் மேஜைமேல் இருந்தது. முப்பத்தைந்து நிமிடம் இருந்தோம். பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

தஸ்தகீர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். எங்களைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தவர், மறுபடி என்னிடமே நீட்டினார். படித்துச் சொன்னேன். தேர்வு. டிசம்பர் 16 திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். குடும்பத்துக்கு வீட்டு எண் பதினான்கு, ஓர் அறையும் சமையலறையும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். வஹிதா என்னைத்தான் கேட்டாள்.

"பதினாலாம் நம்பர் வூட்ல கரண்ட் ஒழுங்கா வருமாமா?"

"கடிதத்துல போடலைம்மா."

"போனதும் பாத்து எழுதறேனுங்க கிளார்க்கய்யா" என்றார் தஸ்தகீர், முகத்திலிருந்து கையை எடுக்காமலே. "தேதி போட்டு எழுதறேன்."

வஹிதா உள்ளே போய் இரும்புப் பெட்டியை அவளே இறக்கினாள்.

அந்தப் பதிவுத் தபால் வந்து சேர்ந்த நாள்: 29-11-1985, அர்ச்சுனன் சொன்ன கெடுவுக்கு முந்தைய நாள்.